ஒரே கிணறு, பல வாளிகள்

2024 மே 23ஆம் தேதி டக்டக்கோ தேடுபொறியில் எதைத் தேடினாலும் பிழைச் செய்திதான் வந்தது. பெர்லினிலிருந்து இயங்கும் எக்கோசியாவிலும் அதே கதை. சாட்ஜிபிடி இணையத்தைத் தேடிச் சொல்லும் வசதியும் அன்று சில மணி நேரம் முடங்கியது. மூன்றும் வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு ஊர்கள், வெவ்வேறு கொள்கைகள். ஆனாலும் ஒரே வேளையில் விழுந்தன. அன்று பழுதானது மைக்ரோசாஃப்டின் பிங். மற்றவை அதன் வாசலில் வரிசையில் நின்றவை.

கூகுளை விட்டு வேறொன்றுக்கு மாறிப் பார்க்கலாம் என்று நினைப்பவர் பொதுவாகப் பெயரைப் பார்க்கிறார், முகப்பில் எழுதியிருக்கும் வாக்குறுதியைப் படிக்கிறார். உங்களைப் பின்தொடர மாட்டோம் என்கிறது ஒன்று. தேடினால் மரம் நடுவோம் என்கிறது இன்னொன்று. வாளியின் நிறம் இப்படிப் பலவாக இருந்தாலும் உலகில் பெரிய கிணறுகள் சிலவே. எந்த மாற்றுத் தேடுபொறியைச் சோதிக்கும்போதும் முதலில் கேட்க வேண்டியது, இது யாருடைய தண்ணீர் என்பதைத்தான்.

அடைவு என்னும் கிணறு

தேடுபொறி, கேட்ட மாத்திரத்தில் இணையத்தைத் தேடுவதில்லை. அதற்கு நேரம் கிடையாது. சொல்லைத் தட்டி முடித்ததும் அது புரட்டிப் பார்ப்பது, முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும் ஓர் அடைவை. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் நூற் சொல்லடைவு செய்வதும் இதே வேலைதான். நூலில் பக்கத்தைத் திறந்தால் சொற்கள் கிடைக்கும். சொல்லடைவில் சொல்லைத் திறந்தால் அது வரும் இடங்கள் கிடைக்கும். இந்தத் தலைகீழாக்கமே தேடுபொறியின் உயிர்.

ஒரு சின்ன இணையத்தை வைத்து இதைப் பார்க்கலாம். அதில் அறுபது பக்கங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அடைவில் ‘நெல்’ என்ற சொல்லுக்கு நேராக 3, 8, 12, 40, 57 என்று எழுதியிருக்கிறது. ‘குருத்துப்பூச்சி’க்கு நேராக 8, 19, 57. ஒருவர் ‘நெல் குருத்துப்பூச்சி’ என்று தேடினால் பொறி இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பொதுவானவற்றை எடுக்கிறது: 8, 57. அறுபது பக்கத்தில் ஒன்றைக்கூடத் திறந்து படிக்கவில்லை. பக்கங்கள் அறுபதாக இருந்தாலும் அறுநூறு கோடியாக இருந்தாலும் அடிப்படை வேலை இதுவே.

இரண்டு சொல்லில் எதற்கு மதிப்பு அதிகம்? ஐந்து பக்கங்களில் கிடக்கும் ‘நெல்’லைவிட மூன்றில் மட்டும் வரும் ‘குருத்துப்பூச்சி’தான் தேடுபவரின் மனத்தைக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கிறது. அரிதான சொல்லுக்குக் கூடுதல் எடை தர வேண்டும் என்ற இந்தக் கருத்தை 1972இல் கணக்காக வகுத்துக் கொடுத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். இணையத் தேடல் பிறப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட அந்தக் கணக்கு இன்றும் ஏதாவதொரு வடிவில் எல்லாத் தேடுபொறிக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடைவு கட்டுவதற்கு முன் பக்கங்களைத் திரட்ட வேண்டும். அதைச் செய்பவை கிராலர்கள். ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள இணைப்புகளைக் குறித்துக்கொண்டு, அந்த இணைப்புகள் வழியே அடுத்த பக்கங்களுக்குப் போய், அங்கிருந்து அதற்கடுத்தவற்றுக்கு ஓயாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும் நிரல்கள். 1993 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஃபிளெச்சர் உருவாக்கிய ஜம்ப்ஸ்டேஷன், கிராலர், அடைவு, தேடல் பெட்டி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த முதல் முயற்சி. பக்கங்களின் தலைப்புகளை மட்டுமே அது அடைவாக்கியது. அடுத்த ஆண்டு வந்த வெப்கிராலர் பக்கத்தின் முழு உரையையும் எடுத்துக்கொண்டது. 1995 இறுதியில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் திறந்த ஆல்டாவிஸ்டா, வேகத்தாலும் அளவாலும் அந்தக் காலத்தவரை வியக்க வைத்தது. பிறகு கைமாறிக் கைமாறி யாஹூவிடம் வந்து சேர்ந்து, 2013 ஜூலையில் மூடப்பட்டது.

ஆல்டாவிஸ்டாவை வீழ்த்தியது வரிசைப்படுத்தும் முறை. 8, 57 இரண்டில் எதை மேலே வைப்பது? ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கண்ட வழி, எத்தனை பக்கங்கள் ஒரு பக்கத்தைச் சுட்டுகின்றன என்பதையும், சுட்டும் பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவது. நாலு பேர் நல்லது என்று சொன்னால் நம்பலாம். அந்த நாலு பேரும் ஊரில் மதிப்புள்ளவர்கள் என்றால் இன்னும் நம்பலாம். 1998இல் அவர்கள் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டபோது கூகுளின் அடைவில் இருந்தவை சுமார் 2 கோடியே 40 லட்சம் பக்கங்கள். அதே கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பர வருவாயில் வாழும் தேடுபொறி தேடுபவரைவிட விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று இருவரும் எச்சரித்திருந்தார்கள். 2000இல் கூகுள் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது.

கிணறு வெட்டுவது ஏன் கடினம்

கூகுளின் அடைவில் 2020 வாக்கில் சுமார் 40,000 கோடி ஆவணங்கள் இருந்ததாக அதன் மூத்த பொறியாளர் ஒருவர் கூகுள் மீதான ஏகபோக வழக்கில் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். இதைக் கட்டுவதோடு வேலை முடியாது. செய்தித்தளங்களை நிமிடத்துக்கு நிமிடம், மற்றவற்றை நாளுக்கொரு முறையோ மாதத்துக்கொரு முறையோ திரும்பப் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். தூர்வாராத கிணறு பாழ்தான்.

பணமும் திறமையும் இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் உண்டு. 2008 ஜூலையில் கூல் என்ற தேடுபொறி பெரும் ஆரவாரத்தோடு வந்தது. நிறுவியவர்களில் கூகுளில் தேடல் அடைவு கட்டிய அனுபவமுள்ளவர்களும் இருந்தார்கள். தங்கள் அடைவில் 12,000 கோடிப் பக்கங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். முதல் நாளே கூட்டம் தாங்காமல் தளம் திணறியது. கிடைத்த முடிவுகளோ தேடியதற்குத் தொடர்பில்லாமல் இருந்தன. ஒரு செய்திக்குப் பக்கத்தில் வேறு யாருடைய படமோ நின்றது. 2010 செப்டம்பரில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

கூலிடம் இல்லாதது மக்களின் சொடுக்கு. ஒரு சொல்லைத் தேடிய லட்சம் பேர் எந்த முடிவைத் திறந்தார்கள், திறந்ததும் திரும்பி வந்தார்களா, அங்கேயே நின்றார்களா என்பது ஒரு மாபெரும் பாடம். கூகுளில் நாவ்பூஸ்ட் என்ற உள்முறை பதின்மூன்று மாதச் சொடுக்குகளை வைத்து வரிசையைத் திருத்துகிறது என்பதும் அதே வழக்கில்தான் வெளியே தெரிந்தது. கூகுளுக்கு ஒரு நாளில் வரும் தேடல்களில் 15 சதவீதம் அதற்கு முன் யாருமே கேட்காதவை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அப்படி அரிதாக வரும் கேள்விகளில்தான் புதிய தேடுபொறி தடுமாறுகிறது. ஆள் வந்தால்தான் தரம் உயரும், தரம் உயர்ந்தால்தான் ஆள் வரும்.

ஆளை வர வைப்பதற்கு இன்னொரு குறுக்கு வழி உண்டு. போனையும் பிரவுசரையும் திறந்ததும் எந்தத் தேடல் பெட்டி நிற்கிறதோ அதையே பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். அந்த இடத்துக்காக ஆப்பிள் முதலான நிறுவனங்களுக்கு 2021 என்ற ஒரே ஆண்டில் கூகுள் தந்த தொகை 2,630 கோடி டாலர். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் வந்த பரிகார ஆணை, அந்த இடத்தைத் தனக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போடுவதைத் தடுத்தது. தகுதியுள்ள போட்டியாளர்களுக்கு அடைவு விவரத்திலும் பயனர் விவரத்திலும் ஒரு பகுதியைத் தர வேண்டும் என்றது. குரோம் பிரவுசரை விற்கச் சொல்லவில்லை.

சொந்தக் கிணறும் இரவல் தண்ணீரும்

சொந்தமாக முழு அடைவு வைத்திருப்பவை கைவிரலில் எண்ணிவிடக் கூடியவை. கூகுள், பிங் தவிர ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சீனாவின் பைடுவும் பெரியவை. சிறியவற்றில் குறிப்பிடத்தக்கது இங்கிலாந்தின் மோஜீக். 2004இல் மார்க் ஸ்மித் என்ற ஒற்றை மனிதர் தொடங்கியது. பல நூறு கோடிப் பக்கங்கள் உள்ள அடைவை யாரிடமும் இரவல் வாங்காமல் தன் சர்வர்களில் கட்டியிருக்கிறது. பொதுவான கேள்விகளுக்குச் சுமாராகவும், நீளமான கேள்விகளுக்கு இன்னும் சுமாராகவும் பதில் சொல்லும். ஆனால் அது காட்டும் வரிசை வேறெங்கும் காணாத வரிசை. பெரிய பொறிகளில் பத்தாம் பக்கத்தில் புதைந்து கிடக்கும் ஒரு தளம் இங்கே முதல் பக்கத்தில் தலைகாட்டுவதுண்டு.

பிரேவ் வேறு வழியில் வந்தது. ஜெர்மனியில் கிளிக்ஸ் என்ற நிறுவனம் 2020இல் மூடப்பட்டபோது, அங்கே தேடல் கட்டிய குழுவின் டெயில்கேட் என்ற பொறியை 2021இல் பிரேவ் பிரவுசர் நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டு ஜூனில் தேடலைப் பொதுமக்களுக்குத் திறந்தது. தொடக்கத்தில் போதாத இடத்தில் பிங்கிடம் கடன் வாங்கியது. 2023 ஏப்ரலில் அந்தக் கடனையும் நிறுத்திக்கொண்டது. கூல் இல்லாமல் தவித்த சொடுக்குப் பாடத்துக்கு அது கண்ட வழி சுவையானது: விருப்பமுள்ள பிரவுசர் பயனர்கள் தாங்கள் பார்த்த பக்கங்களின் விவரத்தைப் பெயர் தெரியாமல் அனுப்பிவைக்கலாம்.

மற்றவை பெரும்பாலும் இரவல். டக்டக்கோ 2008இல் கேப்ரியல் வைன்பெர்க் என்பவரால் பென்சில்வேனியாவில் தொடங்கப்பட்டது. வழக்கமான இணைப்பு முடிவுகளில் பெரும்பகுதி பிங்கிலிருந்து வருகிறது. 2009இல் தொடங்கிய எக்கோசியாவும் பல ஆண்டுகள் பிங்கையே நம்பியிருந்து, பின்னர் கூகுளையும் சேர்த்துக்கொண்டது. மரம் நடுவது உண்மை, ஆனால் அதற்கும் தேடல் தரத்துக்கும் சம்பந்தமில்லை. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ் கூகுளின் முடிவுகளைத் தேடுபவரின் அடையாளத்தை மறைத்துக் கொண்டுவந்து தருகிறது. யாஹூ 2009 ஒப்பந்தத்துக்குப் பிறகு சொந்தக் கிணற்றை மூடிவிட்டு மைக்ரோசாஃப்டிடம் போய்விட்டது. பல பொறிகளிடம் ஒரே நேரத்தில் கேட்டு விடைகளைக் கலந்து தரும் சர்க்ஸ்என்ஜி போன்ற திறந்த மென்பொருள்களும் உண்டு. கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவர் அதைத் தன் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

இரவல் வாழ்க்கையில் விலையை விற்பவரே தீர்மானிப்பார். பிங்கின் அடைவைப் பிற நிறுவனங்கள் பயன்படுத்துவதற்கான கட்டணத்தை 2023இல் மைக்ரோசாஃப்ட் சில பிரிவுகளில் மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தியது. 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி அந்தப் பொது வாசலையே மூடிவிட்டது. தனி ஒப்பந்தம் வைத்திருந்த பெரிய வாடிக்கையாளர்கள் தப்பித்தார்கள். சிறியவர்கள் வேறு வாசல் தேடி ஓடினார்கள். எக்கோசியாவும் பிரான்ஸின் குவாண்டும் சேர்ந்து ஐரோப்பாவுக்கென்று சொந்த அடைவு கட்ட 2024 நவம்பரில் கூட்டு நிறுவனம் அறிவித்ததன் பின்னணி, அதற்கு முந்தைய அந்தக் கட்டண உயர்வுதான். இரவல் வாழ்க்கை எவ்வளவு நாள் தாங்கும் என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பின்தொடர மாட்டோம் என்பதன் எல்லை

மாற்றுத் தேடுபொறிகளில் பல தனியுரிமையையே முதல் சரக்காக விற்கின்றன. சரக்கு போலியல்ல. தேடியவரின் பெயரோடும் பழைய தேடல்களோடும் சேர்த்துச் சேமிக்காமல், தட்டிய சொல்லை மட்டும் வைத்து விளம்பரம் காட்ட முடியும். ‘மிக்ஸி’ என்று தேடுபவருக்கு மிக்ஸி விளம்பரம் காட்ட அவர் போன வாரம் எந்த மருத்துவமனையைத் தேடினார் என்று தெரிய வேண்டியதில்லை. டக்டக்கோ பல ஆண்டுகளாக லாபத்தில் இயங்குவது இந்த முறையில்தான்.

ஆனால் வாக்குறுதி தேடல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. முடிவைச் சொடுக்கி வேறு தளத்துக்குப் போனதும் அந்தத் தளத்தின் குக்கிகளும் கண்காணிப்பு நிரல்களும் தங்கள் வேலையைத் தொடங்கிவிடும். தேடல் வேறு, பிரவுசர் வேறு. 2022 மே மாதத்தில் டக்டக்கோவின் கைபேசி பிரவுசர் மற்ற நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்களைத் தடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்டினுடைய சிலவற்றை மட்டும் அனுமதிப்பதை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். தேடல் முடிவுகளுக்கான ஒப்பந்தமே அதற்குக் காரணம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த ஆகஸ்டில் தடுப்பை விரிவாக்கியது.

காசு கொடுத்துத் தேடலாமா

விளம்பரம்தான் சிக்கல் என்றால் தேடுபவரே காசு கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வியோடு களமிறங்கியவர்களில் ஸ்ரீதர் ராமசாமியின் கதை விரிவாகச் சொல்லத் தகும். சென்னை ஐஐடியில் படித்தவர். கூகுளில் பதினைந்து ஆண்டுகள் இருந்து, அதன் விளம்பரப் பிரிவுக்கே தலைவராக உயர்ந்தவர். அதாவது, அந்த விளம்பர இயந்திரத்தின் ஒவ்வொரு பல்சக்கரமும் தெரிந்தவர். 2019இல் விவேக் ரகுநாதனோடு சேர்ந்து நீவா என்ற தேடுபொறியைத் தொடங்கினார். விளம்பரமே கிடையாது; மாதச் சந்தா. 2021இல் அமெரிக்காவில் திறந்தது. ஆனாலும் 2023 மே மாதம் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது.

மூடும்போது அவர்கள் சொன்ன காரணம்தான் இந்த அத்தியாயத்துக்கு முக்கியம். காசு கொடுக்க வைப்பது அவ்வளவு கடினமாக இல்லை. ஒரு புதிய தேடுபொறியை முயன்று பார்க்க வைப்பதுதான் மலையாக இருந்தது. பிரவுசரின் அமைப்புக்குள் போய்த் தேடுபொறியை மாற்றுவதற்கு எத்தனை படிகள், எத்தனை எச்சரிக்கைப் பெட்டிகள்! ராமசாமி பின்னர் கூகுள் வழக்கில் சாட்சியாகவும் நின்றார். இப்போது, நீவாவை வாங்கிய ஸ்னோஃப்ளேக் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி.

நீவா விட்ட இடத்தில் காகி நிற்கிறது. 2022இல் பொதுமக்களுக்குத் திறந்த இது, ஐந்து டாலருக்கு மாதம் முந்நூறு தேடல், பத்து டாலருக்கு எல்லையில்லாத் தேடல் என்று கணக்கு வைத்தது. பிறரிடம் வாங்கிய முடிவுகளோடு தன் சொந்தச் சிற்றடைவையும் சேர்த்துக் கலக்கிறது. அதன் நல்ல அம்சம், எரிச்சலூட்டும் ஒரு தளத்தை இனிமேல் காட்டாதே என்றோ, பிடித்த ஒன்றை எப்போதும் மேலே வை என்றோ தேடுபவர் சொல்லிவிட முடியும் என்பது. மாதம் முந்நூறு தேடல் என்றால் நாளைக்குப் பத்து. தாங்கள் நாளைக்கு எத்தனை முறை தேடுகிறோம் என்று எண்ணிப் பார்க்காதவர்களுக்கு இந்தக் கணக்கே ஓர் அதிர்ச்சி.

பூட்டிய கதவுகள், சின்னத் தெருக்கள்

கிணறு வெட்டப் பணமிருந்தாலும் நிலத்துக்காரர் விட வேண்டும். தளத்தின் வாசலில் ஒரு சிறு கோப்பு இருக்கும். எந்தக் கிராலர் உள்ளே வரலாம், எது வரக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த இந்த ஏற்பாடு சட்டமல்ல, மரியாதை. கூகுளின் கிராலரை எல்லோரும் வரவேற்பார்கள். பெயர் தெரியாத சிறு கிராலரைப் பலர் திருடனாகவே பார்ப்பார்கள். 2024இல் விவாதத் தளமான ரெடிட் தன் வாசலை இறுக்கியது. பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்ட கூகுள் உள்ளே போனது. மோஜீக் போன்றவை வெளியே நின்றன. அனுபவப் பேச்சுக்காக ரெடிட்டைத் தேடுபவர் சிறு பொறிகளில் ஏமாறுவது இதனால்தான். அது அவற்றின் திறமைக் குறைவு அல்ல.

பெரிய பொறிகள் கவனிக்காததையே தேடித் தருபவை இன்னொரு வகை. சுவீடனில் ஒரு தனிமனிதர் 2021இல் தொடங்கிய மார்ஜினாலியா, விளம்பரமும் நிரல்களும் நிறைந்த பக்கங்களைத் தள்ளிவிட்டு, எழுத்து நிறைந்த எளிய பக்கங்களை முன்னே வைக்கிறது. தொடக்க நாள்களில் அதன் அடைவு முழுவதும் அவர் வீட்டுக் கணினியில் இருந்தது. மில்லியன் ஷார்ட் 2012இல் கொண்டுவந்த உத்தி இன்னும் வேடிக்கையானது: மிகப் பிரபலமான பத்து லட்சம் தளங்களை முடிவிலிருந்து நீக்கிவிட்டு மிச்சத்தைக் காட்டும். மின்கட்டணம் கட்ட இவற்றிடம் போகக் கூடாது. ஒரு பழைய கேமராவைப் பற்றி யாரோ ஆசையாக எழுதிய பக்கத்தைப் பிடிக்க இவைதான் சரி.

தமிழில் தேடும்போது

மாற்றுப் பொறியைத் தமிழில் சோதிப்பவருக்குக் கூடுதலாகச் சில முடிச்சுகள் காத்திருக்கின்றன. ‘குளம்’ என்ற சொல் குளத்தில், குளத்துக்கு, குளங்களை, குளக்கரை என்று உருமாறிக்கொண்டே போகும். அடைவுக்கு இவை எல்லாம் ஒரே வேர் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஐந்தும் ஐந்து சொற்கள். ரஷ்ய மொழியின் வேற்றுமை உருபுகளைச் சரியாகக் கையாண்டதுதான் 1997இல் யாண்டெக்ஸ் சொந்த நாட்டில் காலூன்றிய காரணங்களில் ஒன்று. கொரியாவில் நேவரும் செக் நாட்டில் செஸ்னமும் சொந்த மொழியை நம்பியே வளர்ந்தன. தமிழுக்கென்று அந்த அளவில் ஒரு பொறி எழவில்லை.

எழுத்துக்குள்ளேயும் ஒரு கண்கட்டு உண்டு. ‘கொடி’யில் உள்ள ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இவை சமம் என்று யூனிகோடு விதி இருக்கிறது. நல்ல பொறி அதைப் பின்பற்றும். ஆனால் ‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் ஒருவர் ‘கெ’வுக்குப் பின் ‘ள’ தட்டியிருந்தால், கண்ணுக்கு வேறுபாடு தெரியாவிட்டாலும் விதிப்படி அது வேறு சொல்.

யூனிகோடுக்கு முந்தைய பக்கங்கள் இன்னும் ஆழத்தில் கிடக்கின்றன. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதிய பக்கத்தின் அடியில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. கிராலருக்கு முகமூடி தெரியாது, அது ஆங்கிலக் கூளத்தையே அடைவில் போடும். ‘தமிழ்’ என்று தேடினால் அந்தப் பக்கம் வராது. பெரிய கிணறோ சிறியதோ, இந்தப் பக்கங்கள் யாருடைய வாளியிலும் எளிதில் ஏறுவதில்லை. சிறு பொறிகளில் தமிழ்ப் பக்கங்களின் எண்ணிக்கையே குறைவு. மார்ஜினாலியா போன்றவை பெரும்பாலும் ஆங்கிலத்தையே அடைவாக்குகின்றன.

விடை சொல்லும் பொறிகள்

சென்னையில் பிறந்து சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் ஸ்ரீனிவாஸ் மூவரோடு சேர்ந்து 2022இல் தொடங்கிய பெர்ப்ளெக்சிட்டி, இணைப்புப் பட்டியலுக்குப் பதிலாக விடையையே பத்தியாக எழுதித் தருகிறது. உள்ளே நடப்பது இரண்டு வேலை: முதலில் ஓர் அடைவிலிருந்து சில பக்கங்கள் எடுக்கப்படுகின்றன, பிறகு மொழி மாதிரி அவற்றைப் படித்துத் தொகுக்கிறது. முதல் வேலையில் நல்ல பக்கம் சிக்கவில்லை என்றால் இரண்டாம் வேலையின் நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. இவற்றைச் சோதிப்பவர் விடையைவிட அடிக்குறிப்பில் உள்ள இணைப்புகளைத்தான் திறந்து பார்க்க வேண்டும்: சொன்ன செய்தி அங்கே இருக்கிறதா என்று.

சோதிக்கும் முறை

தேடல் முறைகளை ஒப்பிடும் கலை கணினித் திரைக்கு முந்தையது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் நூலகர் சிரில் கிளெவர்டன் 1960களில் விமானவியல் கட்டுரைகள் 1,400 எடுத்து, 225 கேள்விகள் தயாரித்து, ஒவ்வொரு கேள்விக்கும் எந்தக் கட்டுரைகள் பொருந்தும் என்று முன்கூட்டியே ஆட்களைக்கொண்டு குறித்து வைத்தார். பிறகு ஒவ்வொரு முறையையும் இரண்டு அளவுகோலால் அளந்தார். கொண்டுவந்தவற்றில் எத்தனை பொருத்தமானவை என்பது துல்லியம். பொருத்தமானவற்றில் எத்தனையைக் கொண்டுவந்தது என்பது நிறைவு. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1992 முதல் நடத்தும் டிரெக் போட்டிகளும் இந்த அடித்தளத்தில் நிற்பவையே. இணையத்தில் நிறைவை யாராலும் அளக்க முடியாது, மொத்தம் எத்தனை இருக்கிறது என்று தெரியாதே. துல்லியத்தை வீட்டிலேயே அளக்கலாம்.

அதற்குத் தேவை ஒரு நோட்டும் ஒரு வாரமும். அந்த வாரத்தில் உண்மையாகவே தேடியவற்றைத் தேடிய சொற்களிலேயே எழுதிவைக்க வேண்டும். சோதனைக்கென்று யோசித்து உருவாக்கும் கேள்விகள் உதவா. அவை எப்போதும் சுத்தமாக இருக்கும், நிஜக் கேள்விகளில் எழுத்துப்பிழை இருக்கும். ஆண்ட்ரே பிரோடர் 2002இல் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: தெரிந்த தளத்துக்குப் போவதற்கான தேடல், ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கான தேடல், ஒரு காரியத்தை முடிப்பதற்கான தேடல். நோட்டில் மூன்றும் இருக்க வேண்டும். ‘ரேஷன் அட்டை பெயர் நீக்கம்’ என்பது காரியத் தேடல். அதில் அரசின் உரிய பக்கம் முதல் மூன்றுக்குள் வந்தால் தேர்ச்சி, இடைத்தரகர் தளங்களே நிறைந்தால் தோல்வி. அறியும் தேடலில் முதல் பத்து முடிவுகளைத் திறந்து பயனுள்ளவற்றை எண்ண வேண்டும். பத்தில் நான்கு தேறினால் துல்லியம் 0.4.

பெயர் தெரிந்தால் மனம் சாயும். ஆகவே வீட்டில் இன்னொருவர் முடிவுகளை நகலெடுத்து, எது எந்தப் பொறி என்று சொல்லாமல் காட்டினால் மதிப்பெண் நேர்மையாக இருக்கும். எந்த நாட்டின் முடிவுகள் வேண்டும் என்பதை எல்லாப் பொறியிலும் ஒரே மாதிரி அமைத்துக்கொள்வது அவசியம். கூகுளுக்கு ஆளின் ஊர் தெரியும், பின்தொடராத பொறிக்குச் சொன்னால்தான் தெரியும். இரண்டு பொறிகள் ஒரே கிணற்றில் இறைக்கின்றனவா என்று பார்க்க, அரிதான நான்கைந்து சொற்களைச் சேர்த்துத் தேடினால் போதும். அதே தளங்கள் அதே வரிசையில் வந்தால், அவற்றில் ஒன்றை நோட்டிலிருந்து அடித்துவிடலாம்.

மாறும்போது பழையதை முற்றாக விட வேண்டிய கட்டாயம் இல்லை. டக்டக்கோவில் ஆச்சரியக்குறியோடு ஜி என்ற எழுத்தைச் சேர்த்துத் தட்டினால் கேள்வி நேரே கூகுளுக்குப் போய்விடும். டபிள்யூ என்றால் விக்கிப்பீடியாவுக்கு. இந்த ஜியை ஒரு நாளில் எத்தனை முறை தட்ட நேர்ந்தது என்பதே நல்ல அளவுகோல்.

ஒரு நாள் பார்த்துவிட்டுத் தீர்ப்பெழுதுவது சரியல்ல என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஒரு களச் சோதனையில், எந்தப் பொறி வேண்டும் என்று வெறுமனே தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பிங்கின் பங்கு 1.1 சதவீதப் புள்ளிகள் மட்டுமே உயர்ந்தது. கூகுள் பயனர்களில் சிலருக்குப் பணம் கொடுத்து இரண்டு வாரம் பிங்கைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்களில் 33 சதவீதம் பேர் பிங்கிலேயே தொடர விரும்பினார்கள். வேறு சிலருக்குப் பிரவுசரின் தேடுபொறியை மாற்றி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பலர் அதைத் திரும்ப மாற்றவே இல்லை. பிடித்துப்போனதால் அல்ல, கவனிக்காததால்.